பட்டைக்கு அடியில் என்ன இருந்தது

அந்தக் கேபிள் துண்டு ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தது. முத்திரை அக்காவுக்கு வந்த முதல் சந்தேகமே அதுதான்.

சூடேற்றினாலும் மீட்டரின் முள் இறங்கவில்லை. ஆறவிட்டாலும் இறங்கவில்லை. திரும்பத் திரும்பச் சூடேற்றி, திரும்பத் திரும்ப ஆறவிட்டு, பாடாய்ப் படுத்தியும், இருந்த இடத்தை விட்டு இறங்குவேனா என்று நின்றது. எந்நேரமும் ஆட்டம் போடுகிற குழந்தை ஒருநாள் ஓரமாக உட்கார்ந்துவிட்டால், பெற்றவள் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கமாட்டாளா? அப்படித்தான் அவளும் அந்தத் துண்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு கேபிள் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில். நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற ஒயர் இல்லை இது. ஓர் ஊருக்கே வேண்டிய மின்சாரத்தை மண்ணுக்கு அடியில் சுமந்து போகிற உயர் மின்னழுத்தக் கேபிள். தொடைப் பருமன் இருக்கும். நடுவில், செம்புக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய தண்டு. அதைச் சுற்றி, உருக்கிப் பூசிய பிளாஸ்டிக் உறை. உறை அந்தச் செம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இடையில் மயிரிழை அளவு இடைவெளி விழுந்தால் போதும், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்க ஆரம்பிக்கும். பொறி உறையை உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். ஒருநாள் வெடிக்கும். மேலே தெருவில் நடந்து போகிறவருக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம்.

அந்தப் பிடி எவ்வளவு பலம் என்று அளப்பதுதான் முத்திரை அக்காவின் வேலை. உறையை அறுத்துப் பார்த்தால், அறுத்த இடத்தில் பிடியும் போய்விடும். ஆகவே ஆள் நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்து, வெளிக் கவசங்களை உரித்துவிட்டு, பதமாகச் சூடாக்குவாள். உறை கொஞ்சம் தளர்ந்ததும், வெட்டு முனை வழியாக, வெங்காயச் சருகு போல மெல்லிய ஒரு சென்சாரைச் செம்புக்கும் உறைக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளுவாள். துண்டு ஆறும்போது உறை சுருங்கிச் சென்சாரையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். சென்சாரின் வால் ஒயர் மீட்டருக்குப் போகும். அதற்கப்புறம் செம்பு வழியாகக் கனமான மின்சாரத்தை ஓட்டிச் சூடாக்குவதும், நிறுத்தி ஆறவிடுவதுமாகப் பொழுது போகும். சூட்டில் பிளாஸ்டிக், செம்பைவிட அதிகமாக விரியும். பிடி தளரும், முள் இறங்கும். ஆறினால் பிடி திரும்பும், முள் ஏறும். நல்ல கேபிள் இறங்கின முள்ளைக் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். மோசமான கேபிளில் இறங்கினது இறங்கினதுதான். இறங்கவே இறங்காத கேபிளை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

அவளுக்கு முத்திரை அக்கா என்று பேர் வந்ததற்குக் காரணம் அவள் பையில் எப்போதும் கிடக்கும் ஒரு குறடு. ஈயப் பொட்டை வைத்து அமுக்கினால் அவளுடைய அடையாளம் அதில் விழும். எதை மூடினாலும் ஒரு கம்பி கட்டி, ஒரு ஈயப் பொட்டு. மீட்டர் பெட்டிக்கு, ஸ்விட்ச் பெட்டிக்கு, தன்னுடைய டிபன் பாக்ஸுக்குக்கூட. தனியாள். தங்கை வீட்டு மாடி அறையில் குடியிருந்தாள். அங்கேயும் சர்க்கரை டப்பாவைச் சுற்றி ஒரு நூல், எண்ணெய்ப் பாட்டிலில் பென்சில் கோடு.

"இரு, நாளைக்கு நான் விடற மூச்சையும் அளந்து முத்திரை குத்தப் போறா" என்று தங்கை சிரிப்பாள்.

சிரித்தாலும் தங்கைக்கு அக்கா என்றால் உயிர். அக்காவுக்கும் அப்படியே. அதனால்தான் இந்தக் கேபிள் விஷயம் அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. ஏனென்றால், செம்பின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசுகிற லைனில், இந்தக் கேபிளை ஓட்டிய ஆபரேட்டர் வேறு யாரும் இல்லை. தங்கையின் புருஷன்.

முதல் நாள் ஓட்டத்தில் முள் இறங்கத்தான் செய்தது. நன்றாகவே இறங்கியது. ஆனால் அவள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, துண்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்குடன் ஓர் உள்ளங்கை அடையாளம். வால் ஒயரும் இடம் மாறிக் கிடந்தது. யாரோ தொட்டிருக்கிறார்கள்! அடிமடியில் கை வைத்தது போல இருந்தது அவளுக்கு. அந்த ஓட்டம் செல்லாது என்று தள்ளினாள். கிடங்கிலிருந்து, கேபிளைச் சுற்றி அனுப்புகிற பெரிய மர டிரம்களைக் கட்டுகிற இரும்புப் பட்டையில் ஒரு துண்டு வாங்கிவந்தாள். சென்சார் இருக்கிற இடத்தின் மேல், வால் ஒயர் நகராதபடி, துண்டைச் சுற்றிப் பட்டையை இழுத்து முறுக்கிக் கட்டினாள். கட்டின இடத்தில் ஈயப் பொட்டு வைத்து அமுக்கினாள். இனி யார் கை வைத்தாலும் தெரிந்துவிடும்.

அன்றிலிருந்து முள் இறங்கவில்லை.

தொட்டவன் முதல் நாள் ஆழம் பார்த்திருக்கிறான், அடுத்த நாளிலிருந்து வித்தையைக் காட்டுகிறான் என்று அவள் முடிவு கட்டினாள். மீட்டரை மாற்றிப் பார்த்தாள். புது மீட்டரும் அதையே சொன்னது. கூட்டிப் பெருக்க வருகிற பெரியவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அந்த மனுஷன் துடைப்பத்தைத் தவிர எதையும் தொடவில்லை. காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பட்டையை அசைத்துப் பார்ப்பாள். துளி தளர்ந்தது போலத் தெரிந்தாலும் பழைய பொட்டை வெட்டிவிட்டு, இன்னும் ஒரு முறுக்கு முறுக்கி, புதுப் பொட்டு வைப்பாள்.

முள்ளும் மெல்ல மேலே நகர்ந்ததே தவிர இறங்குவதாயில்லை.

அப்போதுதான் வீட்டில் மாப்பிள்ளையின் போக்கு அவள் கண்ணில் பட ஆரம்பித்தது. தங்கை புருஷனை அவள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். கலகலப்பான மனுஷர். சாப்பாட்டு மேஜையில் அவர் பேசினால் மற்றவர்களுக்குத் தண்ணீர் குடிக்க இடைவெளி கிடைக்காது. இப்போது வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான்.

"இன்னிக்கு முள் என்னக்கா சொல்லுது?" என்பார், தட்டைப் பார்த்தபடியே.

"நேத்து சொன்னதைத்தான் சொல்லுது."

"அப்படியே நிக்குதா?"

"அப்படியே நிக்குது. ஏன் மாப்பிள்ளை, நிக்கக் கூடாதா?"

"ஐயோ, நிக்கட்டுமே. நல்லதுதானே." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. அது நிம்மதிப் பெருமூச்சு மாதிரியும் இல்லை.

போதாக்குறைக்கு ஒருநாள் அவளுக்கு ஒரு குடை வாங்கி வந்தார். மர வளைவுக் கைப்பிடி, நல்ல கனமான துணி.

"எதுக்கு இதெல்லாம்?"

"சும்மாதான்க்கா. உங்க பழைய குடையை விரிச்சா வானம் தெரியுது."

தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கே கதை! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு ஊக்கு வாங்கிக் குடுத்திருப்பீங்களா?"

"உனக்கெதுக்கு ஊக்கு? நீயே குத்துவியே."

அவர்கள் மகள், வாலு என்று கூப்பிடுகிற ஆறு வயதுக் குறும்பு, குடையை விரித்து வீட்டுக்குள்ளேயே நடை பழகினாள். எல்லோரும் சிரித்தார்கள். முத்திரை அக்காவும் சிரித்தாள். உள்ளுக்குள் கணக்கே வேறு ஓடியது. காரணமில்லாமல் குடை கொடுக்கிறவர் எதை மறைக்க நிழல் தேடுகிறார்? அவள் பை வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. பைக்குள்தான் குறடு இருக்கிறது. ராத்திரி எடுத்தால் யாருக்குத் தெரியும்? பட்டையைத் திறந்து, உள்ளே ஏதாவது ஓர் ஆப்பைச் சொருகி, திரும்பவும் பொட்டு வைத்துவிட்டால், முள் ஏன் இறங்கப் போகிறது?

மறுநாள் சோதனைக் கூடத்தைப் பூட்டுமுன், உறைகள் ஒட்டாமலிருக்கச் சின்னக் கேபிள் லைனில் தூவுகிற வெள்ளைத் தூளில் ஒரு கை அள்ளி வந்து, தரையில் மெல்லிசாகத் தூவினாள். காலையில் திறந்தபோது தூளில் பூட்ஸ் தடம் இருந்தது. கதவிலிருந்து மீட்டர் வரை. மீட்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று கால் மாற்றிய அடையாளம். அப்புறம் திரும்பிக் கதவுக்கு. கேபிள் துண்டு இருந்த மேடைப் பக்கம் ஒரு தடம்கூட இல்லை.

அதைப் பார்த்து அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கத்தான் செய்தாள். 'மீட்டர் வரைக்கும் வந்தவனுக்கு மேடைக்கு வர வழி தெரியாதா? எட்டிக் குதித்திருப்பான்' என்று யோசித்தாள். சந்தேகத்துக்குக் கால் முளைத்துவிட்டால் அது எங்கே வேண்டுமானாலும் குதிக்கும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வாலு மேஜைக்கு அடியில் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அடியிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, உன் பூட்ஸ் பவுடர் போட்டுக்கிச்சு!"

மாப்பிள்ளை அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பசியோடு உட்கார்ந்திருந்தார். குனிந்து பார்த்தார். தையல் ஓரமெல்லாம் வெள்ளை.

"லைன்ல தூவற தூளும்மா" என்றார்.

முத்திரை அக்காவின் கை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அவர் வேலை பார்க்கிற பெரிய கேபிள் லைனில் அந்தத் தூளே கிடையாது. இது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்த்தார்கள்.

தங்கை எல்லாவற்றையும் பார்த்தாள்.

காலையில் முத்திரை அக்கா மாடியில் துணி உலர்த்தும்போது தங்கை பின்னாலேயே வந்தாள். கையில் ஈரத் துணி வாளி. கீழே வைக்கவில்லை.

"அவரைப் பத்தி என்ன நினைக்கிற? நேரா சொல்லிடு."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"நீ வாயால சொல்லுவியா? நேத்து அவரையும் பூட்ஸையும் மாத்தி மாத்திப் பாத்தியே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. என்ன பண்ணிட்டார் அவர்?"

முத்திரை அக்கா ஈரச் சட்டையை உதறினாள். "சோதனையில கை வைக்கிறார்னு நினைக்கிறேன்."

வாளி கீழே வந்தது. "அக்கா, அவருக்கு வேலை போனா இந்த வீடு நிக்குமா? வாலுவை எங்க கூட்டிட்டுப் போவேன்? உன் மாடி ரூமும் சேர்ந்துதான் போகும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் போய்ச் சொல்லப் போறியா?"

"நாளைக்கு அந்த டிரம் ஊருக்குள்ள போகுது. தெருவுக்கு அடியில புதைக்கப் போறாங்க. வாலு மாதிரி பிள்ளைங்க நடக்கற தெரு. முள் பொய் சொல்லுதுன்னு எனக்குத் தெரிஞ்சும், நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடச் சொல்றியா?"

தங்கை குனிந்தாள். வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்தாள். பிழியப் பிழியத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கடைசியில், "நீ சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். அம்மா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பாவாடை தைச்சுக் குடுத்தாலும், உன்னுது ஒரு விரல் குட்டைன்னு அளந்து பாப்ப" என்றாள். சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

முத்திரை அக்கா அன்று பழைய குடையை எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சோதனை முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பிரமாதம்மா. இந்த மாதிரி ஒரு கேபிளை நான் பாத்ததே இல்லை."

"நானும் பாத்ததில்லை சார். அதான் பயமா இருக்கு."

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "என்ன சொல்றீங்க?"

"யாரோ கை வைக்கிறாங்க சார்."

"யாரு?"

அவள் தொண்டையைச் செருமினாள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர்கள் உறவு தெரியும். "லைன் ஆபரேட்டர். என் தங்கை வீட்டுக்காரர்."

மேனேஜர் சோதனை முடிவைக் கீழே வைத்தார். "சொந்தக்காரங்களைக் காப்பாத்தறேன்னு வந்தவங்களைப் பாத்திருக்கேன். மாட்டிவிட வந்தவங்களை இப்பத்தான் பாக்கறேன். ஆதாரம்?"

"பட்டைக்கு அடியில இருக்கும் சார். ஆப்பு மாதிரி ஏதோ சொருகியிருக்கார். அதுதான் அழுத்திப் பிடிச்சிருக்கு. உங்க முன்னாடியே வெட்டித் திறக்கறேன். அவரையும் கூப்பிடுங்க."

மாப்பிள்ளை வந்தார். தலையில் கவசம், கையில் கையுறை, முழிக்கிற முழியே சரியில்லை. சோதனைக் கூடத்தில் துண்டு அப்போது நல்ல சூட்டில் இருந்தது. முள் வழக்கம் போல உச்சியில் நின்றது. விஷயத்தை மேனேஜர் சொன்னதும் அவர் முத்திரை அக்காவைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. திகைப்பு இருந்தது.

"நான் சொருகினேனா? என்னக்கா இது?"

"ராத்திரி இங்க வந்தீங்களா இல்லையா மாப்பிள்ளை?"

"வந்தேன்."

"கேட்டுக்குங்க சார்."

"வந்தேன், மீட்டரைப் பாத்தேன், போனேன். ஷிப்ட் முடிஞ்சு காவல்காரர்கிட்ட சாவி வாங்கிட்டுத்தான் வந்தேன். அவரையே கேளுங்க."

"லைன்ல தூவற தூள்னு ஏன் சொன்னீங்க?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அது போதும் அவளுக்கு. மின்சாரத்தை நிறுத்தி, மிச்ச மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குகிற பாதுகாப்புக் கம்பியை மாட்டினாள். பட்டை வெட்டுகிற கத்தரியை எடுத்தாள். ஈயப் பொட்டு அவள் நேற்று வைத்தது போலவே, கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. குறடு கிடைத்தவனுக்குப் பொட்டு ஒரு பொருட்டா? கத்தரியின் வாயைப் பட்டைக்கு அடியில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. அவ்வளவு இறுக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

டங்கென்று சத்தம். பட்டை பாம்பு போலச் சுழன்று தரையில் விழுந்தது.

அவள் குனிந்தாள். கூடவே மேனேஜரும் குனிந்தார். மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார்.

ஆப்பு இல்லை. தகடு இல்லை. மடித்த காகிதம்கூட இல்லை. உறையைச் சுற்றி வழவழவென்று ஒரு பள்ளம் மட்டும் ஓடியது. வருஷக்கணக்கில் மோதிரம் போட்ட விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினால் தெரியுமே, அந்த மாதிரி. பட்டையின் அகலம் எவ்வளவோ, பள்ளத்தின் அகலமும் அவ்வளவு.

"அம்மா," என்றார் மேனேஜர். "முள்ளைப் பாருங்க."

முள் இறங்கிக்கொண்டிருந்தது. தயங்காமல், படியிறங்குகிற மாதிரி இறங்கியது. முதல் நாள் இறங்கிய இடத்தைத் தாண்டி, இன்னும் கீழே போய், கிட்டத்தட்ட அடியில் நின்றது.

முத்திரை அக்கா தரையில் கிடந்த பட்டையைப் பார்த்தாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சூட்டில் உறை வெளிப்பக்கமாக விரியத்தான் பார்க்கும். விரிய முடியாமல் இரும்புப் பட்டை ஒன்று சுற்றி இறுக்கியிருந்தால், எங்கே போகும்? உள்பக்கம்தான் போகும். செம்பின் மேல்தான் அழுந்தும். காலைதோறும் அவள் ஒரு முறுக்கு கூட்டினாள், முள்ளும் ஓர் இழை கூடியது. இத்தனை நாளாக அந்த மீட்டர் அளந்தது உறையின் பிடியை அல்ல. யாரையும் நம்பாத அவளுடைய பிடியை.

அவள் நாற்காலியைத் தேடினாள். ஆனால் அதற்குள் மாப்பிள்ளை அதில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"அப்போ நீங்க பண்ணலியாக்கா?"

"நான் என்ன பண்ணினேன்?"

"எனக்காகப் பொய் சொல்றீங்கன்னுதான் இத்தனை நாளும் நினைச்சிட்டிருந்தேன்!"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாராவது ஒருத்தர் எனக்குப் புரியற மாதிரி பேசறீங்களா?"

மாப்பிள்ளை சொன்னார். இந்தக் கேபிளை ஓட்டின அன்றைக்கு, லைனில் உறையை ஆறவைக்கிற தொட்டியில், வெந்நீர் விடுகிற பம்ப் நின்றுபோனது. முதலில் வெந்நீர், அப்புறம் வெதுவெதுப்பு, அப்புறம் பச்சைத்தண்ணீர் என்று படிப்படியாக ஆற வேண்டிய உறை, எடுத்த எடுப்பில் பச்சைத்தண்ணீரில் முங்கியது. அப்படி ஆனால் வெளிப்பக்கம் சட்டென்று இறுகிவிடும். உள்பக்கம் பிறகு சுருங்கும்போது செம்பை விட்டுவிட்டு வெளிப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பம்ப் சீக்கிரமே மறுபடி ஓட ஆரம்பித்ததால், லைனை நிறுத்தாமல் ஓட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

"முதல் நாள் மதியம் இங்க வந்தேன். ஆளில்லை. மனசு கேக்காம துண்டு மேல கை வெச்சுப் பாத்தேன். ஒயர்ல கை பட்டுச்சோ என்னவோ, கவனிக்கலை. முள் இறங்கிட்டிருந்துச்சு. சரி, மாட்டினோம், சாயங்காலம் அக்கா கேப்பாங்க, எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்லை. மறுநாள் பாத்தா முள் உச்சியில நிக்குது. என் கேபிள் அப்படி நிக்காது, எனக்குத் தெரியாதா? தங்கச்சி குடும்பத்துக்காக அக்கா எதையோ பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். இனிமே நான் வாயைத் திறந்தா, என்னோட சேர்ந்து நீங்களும் மாட்டுவீங்க. ஒவ்வொரு நாளும் வந்து வந்து பாப்பேன், இன்னிக்காவது இறங்கியிருக்கக் கூடாதான்னு."

"அந்தக் குடை?"

"வேற என்ன குடுக்கறதுன்னு தெரியலை."

ஆறிக்கொண்டிருந்த துண்டு எங்கேயோ மெல்ல முனகியது.

மேனேஜர்தான் முதலில் அசைந்தார். போனை எடுத்து, நாளைக்குக் கிளம்ப வேண்டிய டிரம்மை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ கத்துவது கேட்டது. இவரும் கத்தினார். போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"பம்ப் நிக்கறது உங்க தப்பில்லை. சொல்லாம விட்டது தப்பு. விசாரணை முடியற வரைக்கும் லைன் பக்கம் வரக் கூடாது. யார்டுல டிரம் உருட்டுங்க."

"சரி சார்."

"நீங்க..." என்று முத்திரை அக்காவைப் பார்த்தார். என்ன சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை போலும். கையை நீட்டினார். "அந்தக் குறடு."

அவள் பையைத் துழாவிக் குறடை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகு பை ஒரு பக்கமாகத் தோளிலிருந்து நழுவியது. கனம் போய்விட்டதல்லவா.

"புதுத் துண்டு வெட்டி, பட்டை எதுவும் கட்டாம, முதல்லேர்ந்து ஓட்டுங்க. எந்த அளவு நீளம் கெட்டுப்போயிருக்குன்னு தெரியணும்."

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மழை தூறியது. அவள் பழைய குடையை விரித்தாள். அதன் கிழிசல் வழியாக ஒரு சொட்டு நேராக மாப்பிள்ளையின் மூக்கில் விழுந்தது.

"புதுக் குடை என்னக்கா ஆச்சு?"

"சந்தேகமா இருந்துச்சு, எடுக்கலை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. "மாப்பிள்ளை, மேனேஜர்கிட்ட நான் உங்களைத்தான் சொன்னேன்" என்றாள்.

"தெரியும்க்கா. நான்தான் எதிர்ல நின்னுட்டிருந்தேனே."

வாசலில் தங்கை நின்றாள். காலையிலிருந்து அங்கேயே நின்றவள் போன்ற முகம். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தவித்தது. உள்ளே உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் எழுந்தாள்.

"இவ அவரைத் திருடன்னு நினைச்சா. அவர் இவளைத் திருடின்னு நினைச்சார். தினமும் எதிரெதிர்ல உக்காந்து நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டு! ஒரு வார்த்தை வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன கேடு? ரெண்டு பேருக்கும் இன்னிக்குக் காபி கிடையாது."

சொன்னாளே தவிர, காபி வந்தது. சர்க்கரை மட்டும் இல்லை. டப்பாவைச் சுற்றி நூல் கட்டியிருக்கிறதாம், அவிழ்க்கப் பயமாக இருக்கிறதாம். முத்திரை அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். நூலை அவிழ்க்கப் பார்த்தாள். பழகின முடிச்சுதான், ஆனாலும் பல்லால் கடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

புதுத் துண்டு மேடைக்கு வந்த காலையில், சோதனைக் கூடக் கதவுக்கு வெளியே ஒரு நிழல் ஆடியது. யார்டுத் தூசியோடு மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரலாமா கூடாதா என்று அவருக்கு யோசனை.

"என்ன மாப்பிள்ளை, அங்கேயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

வந்தார். துண்டு மேடையில் வெறுமனே கிடந்தது. பட்டை இல்லை, ஈயப் பொட்டு இல்லை. வால் ஒயர் மட்டும் ஒரு சின்ன ஒட்டுத்தாளோடு தொங்கியது. அதைப் பார்க்க முத்திரை அக்காவுக்கு என்னவோ, கொண்டை போடாமல் வெளியே வந்த மாதிரி கூச்சமாக இருந்தது. கை தானாகப் பையைத் தேடிப் போய், திரும்பி வந்தது.

ஸ்விட்சைப் போட்டாள். செம்பு சூடேற ஆரம்பித்தது. இரண்டு பேரும் மீட்டருக்கு முன்னால் தோளோடு தோள் நின்றார்கள்.

முள் கொஞ்சம் துடித்தது. அப்புறம் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. மோசமான கேபிள்தான், சந்தேகமே இல்லை. அந்த டிரம் இனி எந்தத் தெருவுக்கு அடியிலும் போகாது. மாப்பிள்ளையின் லைன் வேலை திரும்பக் கிடைக்குமா என்பதும் தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு பேரும், வீட்டில் காய்ச்சல் இறங்கின குழந்தையைப் பார்க்கிறவர்கள் மாதிரி, அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இறங்குதுக்கா."

"இறங்குது மாப்பிள்ளை."

அவர் மெதுவாக ஓர் அடி பின்னால் வைத்து, மேடைப் பக்கம் கையை நீட்டினார். சூடு எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கத்தான்.

"கையை எடுங்க!" என்றாள் முத்திரை அக்கா, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.